வெறுவெளிகளின் மங்கலான விண்மீன் திரள்கள்: கருவித் தெரிவுக்கு ஒரு வழிகாட்டி

அண்டத்தில் விண்மீன் திரள்கள் எங்கும் ஒரே சீராகப் பரவியிருப்பதில்லை. அவை இழைகளாகவும் கொத்துகளாகவும் சேர்ந்திருக்க, அவற்றுக்கிடையே கோடிக்கணக்கான ஒளியாண்டு அகலமுள்ள, திரள்கள் மிக அரிதாகவே காணப்படும் பரப்புகள் எஞ்சுகின்றன. வெறுவெளிகள் எனப்படும் இப்பரப்புகளில் வாழும் சிறு திரள்களிற் பல தம் வாயுவைப் பெரும்பாலும் விண்மீன்களாக மாற்றாதவை; ஆகவே ஒளித் தொலைநோக்கிக்கு மங்கலாகத் தெரியும் அவை, நடுநிலை ஐதரசன் அணு 21 சென்ரிமீற்றர் அலைநீளத்தில், அதாவது 1420.4 மெகாஹேர்ட்ஸ் மீடிறனில் வெளியிடும் வானொலி அலையினால் எளிதில் இனங்காணப்படுகின்றன. கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்திலோ, பம்பைமடுவிலுள்ள வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ பயிலும் ஒருவர் இத்துறையில் ஆய்வொன்றைத் தொடங்க விரும்பினால், எந்தத் தொலைநோக்கியின் தரவை நாடுவது என்பதே அவர் முதலில் தீர்க்கவேண்டிய கேள்வியாகும்.

தமிழ் வாசகரின் மனத்தில் முதலில் எழக்கூடியது உதகமண்டலத் தொலைநோக்கி. 530 மீற்றர் நீளமும் 30 மீற்றர் அகலமும் கொண்டு, அவ்விடத்தின் அகலாங்குக்கு ஒத்த ஏறத்தாழ 11 பாகைச் சாய்வுள்ள மலைச்சரிவில், தன் அச்சு பூமியின் சுழலச்சுக்கு இணையாக அமையுமாறு வானொலி வானியலாளர் கோவிந்த் சுவரூப்பின் குழுவினர் எழுப்பிய அக்கருவி 1970ஆம் ஆண்டிலிருந்து இயங்கிவருகிறது. எனினும் அது செவிமடுப்பது 326.5 மெகாஹேர்ட்ஸை ஒட்டிய குறுகிய பட்டையை மட்டுமே. அண்ட விரிவால் ஐதரசனின் அலை நீண்டு அந்த மீடிறனுக்கு இறங்குவதற்கு அது ஏறத்தாழ 1,200 கோடி ஆண்டுகள் பயணித்திருக்க வேண்டும். அத்தொலைவிலுள்ள சிறு திரளொன்றின் சைகை எவ்வகையிலும் எட்டாது. அண்மையிலுள்ளது, நம்முடையது என்ற பற்று எவ்வளவு இயல்பானதாயினும், இந்த வேலைக்கு உதகையின் கருவி பொருந்தாது.

உண்மையான தெரிவு, பெரிய தனிக்கிண்ணத்துக்கும் பல கிண்ணங்களை இணைத்த தொகுதிக்கும் இடையிலானது. சீனாவின் குய்சோ மாகாணத்திலுள்ள 500 மீற்றர் விட்டமுள்ள ஃபாஸ்ற், ஒரு வேளையில் ஏறத்தாழ 300 மீற்றரைப் பயன்படுத்தி, மிக நலிந்த வாயுவையும் உணர்கிறது. ஆனால் அதன் ஒற்றைப் பார்வைப் புள்ளி ஏறத்தாழ 3 கலை அகலமுடையது; கலை என்பது பாகையின் 60இல் ஒரு பங்கு. ஏறத்தாழ 6 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இப்புள்ளி 50,000 ஒளியாண்டு அகலத்தை அடக்கிவிடுவதால், வாயு இருக்கிறது என்பதும் அது எவ்வளவு என்பதும் தெரியுமேயன்றி, அது ஒரு திரளுக்குரியதா, அருகருகே நிற்கும் மூன்றுக்குரியதா என்பது தெரியாது. மகாராட்டிரத்தின் கோதாட் கிராமத்திலுள்ள ஜிஎம்ஆர்ரி தொகுதியோ, ஒவ்வொன்றும் 45 மீற்றர் விட்டமுள்ள 30 கிண்ணங்களைக் கொண்டது. அவற்றுள் 14 மையத்தில் ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர்ப் பரப்பினுள் நெருங்கியிருக்க, ஏனையவை 25 கிலோமீற்றர் வரை மூன்று கரங்களாக விரிகின்றன. இவ்வமைப்பின் அருமை என்னவென்றால், ஒரே அவதானிப்பிலிருந்து இரு வகைப் படங்களை எடுக்கலாம்: மையக் கிண்ணங்களை மட்டும் சேர்த்தால் நலிந்த வாயுவின் முழுப் பரப்பும், தொலைக் கிண்ணங்களையும் சேர்த்தால் அடர்ந்த பகுதிகளின் நுண்ணமைப்பும் வெளிப்படும். மிக நுண்ணிய பிரிதிறனையே எப்போதும் நாடுவது தவறு. வாயு மங்கலாயிருக்கும்போது கூரிய படம் வெறும் இரைச்சலாகவே முடியும்.

இத்தெரிவின் பயனை லிங்க்ஸ்–கடக வெறுவெளி நன்கு காட்டுகிறது. அதன் மையம் ஏறத்தாழ 6 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இருப்பதால் அங்குள்ள சிறு திரள்களும் கைக்கெட்டுகின்றன. அவற்றுள் ஒன்றான டிடிஓ 68, ஒட்சிசன் அளவில் சூரியனின் ஏறத்தாழ 35இல் ஒரு பங்கையே கொண்ட அரிய திரள். ஜிஎம்ஆர்ரி படங்களில் அதன் வாயு குலைந்து கிடப்பது தெரியவந்தபின், அது அண்மையில் நிகழ்ந்த இணைவொன்றின் விளைவு என்ற விளக்கம் வலுப்பெற்றது. வானியலாளர் ஜெயராம் செங்களூரும் ரசிய வானியலாளர் சைமன் புஸ்தில்னிக்கும் 2013இல் அதே வெறுவெளியில் ஆராய்ந்த மும்மைத் திரளொன்றில், மூன்றனுள்ளும் மங்கலான உறுப்பே தன் ஒளியோடு ஒப்பிடுகையில் மிகுதியான வாயுவைக் கொண்டிருந்தது. தனிக்கிண்ணத்தால் மட்டும் பார்த்திருந்தால் மூன்றும் ஒரே சைகையாகக் கலந்திருக்கும்.

இனி, எதை நோக்கித் தேடுவது என்பதிலும் இரு வழிகள் உண்டு. ஒளிப்பட அட்டவணையிலிருந்து திரள்களைத் தெரிந்து அவற்றை மட்டும் நோக்குவது ஒன்று; நெதர்லாந்தின் வெஸ்ரர்போர்க் தொகுதியைக் கொண்டு நடத்தப்பட்ட வெறுவெளித் திரள் அளவீடு இவ்வாறு 55 திரள்களை நோக்கி 41இல் ஐதரசனைக் கண்டது. வானத்தை முன்முடிவின்றி அலசுவது மற்றது. 2020இல் இடிந்துவிழுந்த அரெசிபோ கிண்ணத்தின் அல்ஃபால்ஃபா அளவீடு இவ்வகையில் ஏறத்தாழ 31,500 மூலங்களைத் திரட்டியது. முதலாவது வழி ஒளியற்ற வாயுத் திரள்களைத் தவறவிடும் என்பது உண்மையே. ஆயினும் இரண்டாவது வழியை ஒரு பெருங்குழுவே மேற்கொள்ள இயலும் என்பதால், தனி மாணவர் அதன் அட்டவணையிலிருந்து இலக்கைத் தெரிந்து, தொகுதித் தரவால் அதை விரிவாக ஆராய்வதே சிறந்தது.

புதிய அவதானிப்பு நேரத்துக்கு விண்ணப்பிக்கும் முன்பு, குறிப்பிட்ட காலம் கழிந்து பொதுவில் திறக்கப்பட்ட ஜிஎம்ஆர்ரி ஆவணத் தரவை நாடுவது நல்லது. அதில் மூன்று விடயங்களைப் பார்க்கவேண்டும். சிறு திரளொன்றின் ஐதரசன் நிறமாலைக் கோடு வினாடிக்கு 50 கிலோமீற்றர் அளவே, அதாவது 0.24 மெகாஹேர்ட்ஸ் அளவே அகலமுடையது; ஆகவே ஒரு மெகாஹேர்ட்ஸ் 128 தடங்களாகப் பிரிக்கப்பட்ட பழைய தரவு, அகன்ற பட்டையை அகலமான தடங்களாக்கிய புதிய தரவைவிட இதற்கு ஏற்றதாக இருக்கலாம். லிங்க்ஸ்–கடகத் திரள்களின் கோடு 1413 மெகாஹேர்ட்ஸுக்கு மேலே விழுவதால், வானியலுக்கென ஒதுக்கப்பட்ட 1400–1427 மெகாஹேர்ட்ஸ் பட்டையின் பாதுகாப்புக்குள் நிற்கிறது. தொலைவிலுள்ள வெறுவெளிகளின் கோடு அதற்குக் கீழே இறங்கி, ஜிபிஎஸ் செய்மதிகளின் 1381 மெகாஹேர்ட்ஸ் சைகையோடு மோத நேரிடும். அளவுத்திருத்தத்துக்கு வேண்டிய 3சி 147 போன்ற பிரகாசமான மூலம் அதே இரவில் நோக்கப்பட்டிருக்கவும் வேண்டும்.

அலுமினியத் தகட்டாலான கூம்பு அன்ரெனாவும் மலிவான மென்பொருள் வானொலிப் பெறுகருவியும் கொண்டு கிளிநொச்சியிலேயே பால்வெளியின் ஐதரசனைப் பதிவுசெய்ய முடியும்; மாணவருக்கு அது அருமையான பயிற்சி. பால்வெளி வானத்தில் அகன்று கிடப்பதால் அக்கூம்பை நிறைக்கிறது. வெறுவெளித் திரள் அதில் தடமே பதிக்காது.

இறுதியாக, கணிக்கப்படும் வாயு நிறை தொலைவின் வர்க்கத்தோடு கூடுவதால், தொலைவில் 10 வீத வழு நிறையில் 21 வீத வழுவாகும். வெறுவெளிகளிலோ திரள்கள் மையத்திலிருந்து வெளிநோக்கித் தள்ளப்படுவதால், அலை நீட்சியாகிய செந்நகர்விலிருந்து நேரடியாகக் கணிக்கும் தொலைவு பிழைபட வாய்ப்புண்டு. எனவே இலக்கைத் தெரிகையில், தனித் தொலைவு மதிப்பீடு உள்ள திரளை, அது சற்றே பிரகாசமானதாயினும், முன்னிறுத்துவதே ஏற்றது.