எழுத்துல கொடுங்க

2021 மே மாதம் அப்பாவுக்குக் கொரோனா வந்து, பன்னிரண்டு நாள் தனியார் ஆஸ்பத்திரியில் இருந்தார். கையில் இருந்த பணம் நான்காம் நாளே தீர்ந்தது. மீதிக்கு இரண்டு கிரெடிட் கார்டுகளைத் தேய்த்தேன். அதுவும் பற்றாமல் ஒரு பர்சனல் லோன். அப்பா பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டார். அந்தச் செலவுக்காக ஒருநாளும் நான் வருந்தியதில்லை. அதற்குப் பிறகு வாய்மூடி இருந்த பதினான்கு மாதத்துக்காகத்தான் வருந்துகிறேன்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். தினமும் வட்டிக் கணக்குப் பார்க்கிறவன்தான். ஆனாலும் பயம் வந்துவிட்டால் சொந்தக் கணக்கைப் பிரித்துப் பார்க்கவே கை வராது. ஸ்டேட்மென்ட் வந்ததும் ‘மினிமம் டியூ’ என்ற ஒரு வரியை மட்டும் பார்ப்பேன், கட்டுவேன், மூடிவிடுவேன்.

அந்த ஒரு வரியைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். முதல் கார்டில் பாக்கி 86,400 ரூபாய். மினிமம் டியூ ஐந்து சதவீதம், அதாவது 4,320. மாத வட்டி மூன்றரை சதவீதம் என்றால் 3,024 ரூபாய். வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, அது 544. ஆக, நான் கட்டிய 4,320-இல் அசலில் கழிந்தது 752 ரூபாய்தான். இதில் இன்னொன்றும் உண்டு. பாக்கி வைத்தவர்களுக்கு வட்டியில்லாத நாட்கள் கிடையாது. புதிதாக ஒரு மருந்து வாங்கினாலும் அன்றைக்கே வட்டி ஓடத் தொடங்கிவிடும். எங்கள் ஊரில் நூற்றுக்கு மூன்று வட்டி வாங்குகிறவரை அநியாய வட்டிக்காரர் என்போம். என் சட்டைப் பையில் இருந்தது மூன்றரை வட்டி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாற்பது பக்க நோட்டு ஒன்றில் எல்லாவற்றையும் எழுதி மனைவியிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, “ஏனுங்க, இத்தனையும் தனியாவா வச்சுட்டு இருந்தீங்க?” என்றாள். வேறெதுவும் கேட்கவில்லை. மறுநாள் அவளுடைய சங்கிலியைக் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்து முதல் கார்டை முழுதாக அடைத்தோம். அங்கே வட்டி மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய்க்கும் குறைவு. நகையை அடகு வைப்பதை அவமானமாக நினைக்கிறவர்கள் இந்த இரண்டு வட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கட்டும். ஆனால் மீட்கும் தேதியையும் நோட்டில் எழுதிவையுங்கள். ஏல நோட்டீஸ் வரும்வரை விடக்கூடாது.

பர்சனல் லோனில் இருந்த சிக்கல் சின்னது. எனக்குச் சம்பளம் 7-ஆம் தேதி, தவணை 2-ஆம் தேதி. கணக்கில் பணமில்லாமல் தவணை திரும்பும் ஒவ்வொரு முறையும் என் வங்கி 590 ரூபாய் பிடித்தது. கடன் கொடுத்த இடத்தில் அபராதம் தனி. தவணைத் தேதியை 10-க்கு மாற்றித் தரும்படி ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். அதைக் கேட்கலாம் என்பதே எனக்கு அதுவரை தோன்றவில்லை.

இரண்டாவது கார்டுதான் எங்களை ஆட்டி வைத்தது. மூன்று மாதம் கட்ட முடியாமல் போனதும் வசூல் ஏஜென்சி இறங்கியது. ஒருநாள் இரவு ஒன்பது மணிக்கு மாமனாரிடமிருந்து போன். “மாப்ளைங்க, உங்க பேரச் சொல்லி யாரோ பேங்குல இருந்து பேசுனாங்கங்க. ஏதாச்சும் பிரச்சினைங்களா?” அந்தக் குரலில் இருந்த தயக்கம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அன்றுதான் ரிசர்வ் வங்கியின் விதிகளைத் தேடிப் படித்தேன். 2022 ஆகஸ்டில் வந்த சுற்றறிக்கை தெளிவாகவே சொல்கிறது: காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் வசூலுக்குப் போன் செய்யக்கூடாது. மிரட்டக்கூடாது, நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தக்கூடாது, குடும்பத்தார், நண்பர்களின் அந்தரங்கத்தில் தலையிடக்கூடாது. வீட்டுக்கு வரும் ஏஜென்ட்டிடம் வங்கி கொடுத்த அதிகாரக் கடிதமும் அடையாள அட்டையும் இருக்க வேண்டும். அடுத்த முறை போன் வந்தபோது நான் கத்தவில்லை. “உங்க பேரு, ஏஜென்சி பேரு சொல்லுங்க. எதுவானாலும் எழுத்துல கொடுங்க, எழுத்துல பதில் தர்றேன்” என்றேன். எதிர்முனையில் சுருதி இறங்கிவிட்டது.

‘போலீஸ் வரும்’ என்பார்கள். கடனைக் கட்ட முடியாமல் போவது சிவில் விவகாரம்தான். ஆனால் ஒன்றை மறந்துவிட வேண்டாம். கொடுத்த செக்கோ, கணக்கில் தானாகப் பிடிக்கும் தவணையோ பணமில்லாமல் திரும்பினால் அதற்குக் குற்ற வழக்குப் போடச் சட்டத்தில் இடமிருக்கிறது. அப்படி வக்கீல் நோட்டீஸ் வந்தால் 15 நாள்தான் அவகாசம். பிரிக்காமல் பீரோவில் போட்டுவிடாதீர்கள்.

இவ்வளவும் படித்த பிறகும் ஒரு பெரிய தப்புச் செய்தேன். 62,000 பாக்கிக்கு 35,000 கட்டினால் முடித்துவிடலாம் என்று ஏஜென்ட் போனில் சொன்னார். நல்லவேளை, அவர் கொடுத்த ஜிபே எண்ணுக்குப் போடாமல் கார்டு கணக்கிலேயே கட்டினேன். கடிதம் மட்டும் வாங்கவில்லை. இரண்டு மாதம் கழித்து வேறொரு ஏஜென்சி, 31,000 பாக்கி என்று வந்து நின்றது. வங்கியின் கணக்கில் நான் கட்டியது வெறும் பகுதித் தொகை, அவ்வளவுதான்.

வங்கிக்குப் புகார் எழுதினேன். 30 நாள் பதில் இல்லை. அதன் பிறகு ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு இணையத்தில் புகார் கொடுத்தேன். அதற்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். ரசீதையும் ஏஜென்ட் பேசிய பதிவையும் இணைத்தேன். வங்கி இறங்கி வந்து செட்டில்மென்ட் கடிதம் கொடுத்தது. என் கருத்தில், கடிதம் கைக்கு வரும்வரை ஒரு ரூபாயும் கட்டக்கூடாது. தொகை, கட்ட வேண்டிய தேதி, இதற்குமேல் பாக்கி இல்லை என்ற வரி, மூன்றும் அதில் இருக்க வேண்டும்.

ஆனாலும் சிபில் அறிக்கையில் அந்தக் கார்டுக்கு நேரே ‘செட்டில்டு’ என்று விழுந்துவிட்டது. கேட்க நல்ல வார்த்தைபோல இருக்கும். கடன் கொடுப்பவர்கள் அதை ‘முழுதாகக் கட்டாதவர்’ என்றுதான் படிக்கிறார்கள். வண்டிக் கடன் கேட்டபோது அதைக் காட்டித்தான் மறுத்தார்கள். தள்ளுபடியான தொகையையும் கட்டிவிடுகிறேன், ‘க்ளோஸ்டு’ என்று மாற்றுங்கள் என வங்கிக்கு எழுதினேன். ஒப்புக்கொண்டார்கள். ஒன்றரை வருடம் ஓவர்டைம் பார்த்த பணத்தில் அதைக் கட்டி, 2024 ஆகஸ்டில் பாக்கியில்லாச் சான்று வாங்கினேன்.

இரண்டு மாதம் கழித்து அறிக்கையை மறுபடி எடுத்துப் பார்த்தேன். சிபில் உள்ளிட்ட நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தருகின்றன. ‘செட்டில்டு’ அப்படியே இருந்தது. சான்றை இணைத்துத் திருத்தக் கேட்டேன். 30 நாளுக்குள் சரிசெய்யாவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்ற விதி அந்த ஏப்ரலில்தான் அமலுக்கு வந்திருந்தது. அதையும் ஒரு வரி சேர்த்து எழுதினேன். இருபத்திரண்டாம் நாள் மாற்றிவிட்டார்கள். அந்தப் பக்கத்தை அச்செடுத்து, மாமனார் வந்திருந்தபோது அவர் கையில் கொடுத்தேன்.