பழையதா, புதியதா? நடுக்கம் நீக்கும் பைனாகுலர் வாங்குவோருக்குச் சில அறிவுரைகள்

வானம் பார்க்கவும் பறவை பார்க்கவும் புதிதாக வரும் பிள்ளைகள் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி இது: "ஐயா, நடுக்கம் நீக்கும் பைனாகுலரில் பழைய மாடல் மலிவாக வருகிறது. அதை வாங்கலாமா, காசு சேர்த்துப் புதியதை வாங்கட்டுமா?" வெளிவந்த ஆண்டை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். எது மாறியது, எது மாறவில்லை என்று பிரித்துப் பார்க்கப் பழகுங்கள்.

1. வேலையைப் புரிந்துகொள்ளுங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர் கை நடுக்கத்தையும் பத்து மடங்காக்கிக் காட்டும். நல்ல திடமான கைகூட நொடிக்கு 8 முதல் 12 முறை நுட்பமாக அதிர்கிறது. 1995இல் கேனன் கொண்டுவந்த 12x36 (உருப்பெருக்கம் 12 மடங்கு, லென்ஸ் விட்டம் 36 மி.மீ.) இதற்கு ஒரு வழி கண்டது. இரண்டு கண்ணாடித் தகடுகள், அவற்றுக்கு நடுவே சிலிகான் எண்ணெய், சுற்றிலும் மடிப்பு உறை. அசைவை உணரி அறிந்ததும் தகடு சாய்ந்து, ஒளியை எதிர்த்திசையில் வளைத்துப் படத்தை நிறுத்திவிடும்.

2. மாறாததை முதலில் பாருங்கள். 12x36இன் முதல் பதிப்பு கனமானது. இரண்டாம் பதிப்பில் எடை நன்றாகக் குறைந்தது. அந்த இரண்டாம் பதிப்பையும் 2015இல் வந்த மூன்றாம் பதிப்பையும் அருகருகே வையுங்கள். இரண்டுக்கும் எடை 660 கிராம், பார்வைப் புலம் 5 பாகை. பெரிதாக மாறியது மின்சுற்றுதான். பேட்டரி ஏறத்தாழ இரு மடங்கு நேரம் உழைக்கிறது. அதற்காக மட்டும் இரண்டாம் பதிப்பை ஒதுக்க வேண்டாம். மாற்று பேட்டரி ஒரு ஜோடி பையில் இருந்தால் போதும்.

3. உண்மையான மாற்றம் 2017இல் வந்தது. 10x32, 12x32, 14x32 ஆகிய மூன்றிலும் கேனன் எண்ணெய்த் தகடுகளை விட்டுவிட்டு, லென்ஸையே நகர்த்தும் முறைக்கு வந்தது. நடுக்கம் நீக்கும் பொத்தானும் இரண்டாயிற்று. அசையாத பொருளை உற்றுப் பார்க்கையில் படத்தை இன்னும் இறுக்கமாக நிறுத்த ஒரு தனி நிலை உண்டு. ஆனால் பழையவற்றுக்கு எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும் இரண்டு ஏஏ பேட்டரி போதும். இவற்றுக்கு சிஆர்123ஏ பேட்டரி வேண்டும். ஊர் ஊராகப் போகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

4. வெளிச்சக் கணக்கைப் போடுங்கள். லென்ஸின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 12x36க்கு 3 மி.மீ. புதிய 14x32க்கு 2.3 மி.மீ.தான். 2005இல் வந்த 10x42க்கோ 4.2 மி.மீ.; அது நீர் புகாததும்கூட. அந்தியிலும் இரவிலும் பார்ப்பவருக்கு இந்த எண், வெளிவந்த ஆண்டைவிட முக்கியம். நடுக்கம் நீக்கும் கருவி வெளிச்சத்தைக் கூட்டித் தராது.

5. எங்கே நின்று பார்ப்பீர்கள்? கேனன் முறை சமாளிப்பது சுமார் 1 பாகை அசைவை. தரையில் நிற்பவருக்கு அது தாராளம். ஆடும் படகிலிருந்து பார்ப்பவர் 5 பாகை வரை ஈடுகட்டும் ஃபுஜினான் 14x40 போன்றதைத் தேடட்டும். பேட்டரியே வேண்டாதவருக்கு 1990இல் வந்த ஸைஸ் 20x60 இருக்கிறது. முழுக்க இயந்திர அமைப்பு. எடை மட்டும் 1,660 கிராம். கழுத்து ஒத்துழைக்க வேண்டும்.

6. பழையதை வாங்கும்போது பொத்தானை அழுத்தாமல் சோதனையைத் தொடங்குங்கள். இரு கண்ணிலும் தெரியும் படங்கள் சிரமமின்றி ஒன்றாகச் சேர வேண்டும். பிறகு பொத்தானை அழுத்தி, தொலைவில் உள்ள பெயர்ப்பலகையின் எழுத்துகளைச் சில நிமிடம் விடாமல் பாருங்கள். கூர்மை போய்ப் போய் வந்தால் வேண்டாம். மெல்லத் திருப்பும்போது படம் துள்ளினாலும் வேண்டாம். லென்ஸை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பூஞ்சை தேடுங்கள். நம் கடலோர ஈரத்தில் அது எளிதில் பிடிக்கும். பேட்டரி அறையில் உப்புப் பூத்திருக்கிறதா, மேலுறை ரப்பர் பிசுபிசுக்கிறதா என்றும் பாருங்கள்.

7. பழுதை விலையில் கழித்துக்கொள்ளுங்கள். பழைய மாடலின் மின்பகுதி கெட்டால் உதிரிபாகம் கிடைப்பது அரிது. அப்போது கேனன் கருவி சாதாரண பைனாகுலராக நிற்கும். ஆகவே, 'நடுக்கம் நீக்கும் வசதி போனாலும் இந்தக் கண்ணாடிக்கு இந்த விலை தகுமா?' என்று கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள்.

8. வாங்கியதைப் பேணுங்கள். பயன்படுத்தாத நாள்களில் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள். எந்தப் பதிப்பானாலும் அதைச் சூரியன் பக்கம் திருப்பாதீர்கள். கண் போனால் திரும்பாது.

9. கடைசித் தீர்ப்பை வானத்திடம் விடுங்கள். கார்த்திகை விண்மீன் கூட்டத்தைப் பொத்தான் அழுத்தாமல் பார்த்து எண்ணுங்கள். பிறகு அழுத்தி எண்ணுங்கள். எண்ணிக்கை கூடும். பழையதிலும் புதியதிலும் இதே சோதனையைச் செய்யுங்கள். இரண்டுக்கும் இடையே சொல்லும்படியான வித்தியாசம் இல்லையென்றால் பழையதையே வாங்குங்கள். மிச்சப்பட்ட பணத்தில், நிலா இல்லாத இரவாகப் பார்த்து ஜவ்வாது மலைப் பக்கம் போய் வாருங்கள். அந்த மலையில் உள்ள காவலூரில் வானாய்வகம் அமைத்ததே அங்குள்ள நல்ல வானத்துக்காகத்தான். நகர வெளிச்சத்திலிருந்து விலகும் ஒவ்வொரு மைலும், எந்தப் புதிய பதிப்பும் தராத விண்மீன்களைத் தரும்.