அயனி மண்டலப் படிமங்களும் மாறுநிலை உயரமும்: 2008ஆம் ஆண்டு அளவீடுகளை முன்வைத்து

புவியின் மேல்வளிமண்டலத்தில் அயனிகள் எத்துணை உள்ளன என்பது ஒரு வினா. அவை எந்தெந்தத் தனிமங்களின் அயனிகள் என்பது வேறொரு வினா. முன்னதற்குத் தரையிலிருந்து செலுத்தும் வானொலி அலைகள் பெருமளவு விடை தருகின்றன. பின்னதற்கு அவ்வழி எளிதன்று. இக்கட்டுரை பின்னதையே எடுத்துக்கொள்கிறது.

ஏறத்தாழ 100 முதல் 150 கி.மீ. வரை நைட்ரிக் ஆக்சைடு, மூலக்கூற்று ஆக்சிஜன் ஆகியவற்றின் அயனிகள் மிகுதி. அதற்கு மேல் அணு ஆக்சிஜன் அயனி மேலோங்குகிறது. இன்னும் உயரே அவ்விடத்தை ஹைட்ரஜன் அயனி பெறுகிறது. இவ்விரண்டும் சம அளவில் அமையும் உயரத்தை ‘மாறுநிலை உயரம்’ எனலாம். ‘எல்லை’ என்னும் சொல் இங்குப் பொருந்தாது; ஒன்று தேய மற்றொன்று வளர்கிறதேயன்றி அங்குப் பிரிகோடு ஏதுமில்லை.

இம்மாற்றத்திற்கு அடிப்படை மின்னூட்டப் பரிமாற்றமாகும். ஆக்சிஜன் அயனி ஹைட்ரஜன் அணுவின் எலக்ட்ரானைக் கவர்ந்து தான் நடுநிலை அணுவாகிறது, ஹைட்ரஜன் அயனியாகிறது. அயனியாக்க ஆற்றல் ஹைட்ரஜனுக்கு 13.60, ஆக்சிஜனுக்கு 13.62 எலக்ட்ரான் வோல்ட். வேறுபாடு மிகச் சிறிதாதலின் வினை இரு திசையிலும் எளிதில் நிகழும். எனவே வேதிச் சமநிலை நிலவும் உயரங்களில் நடுநிலை அணுக்களின் விகிதமே அயனிகளின் விகிதத்தை வரையறுக்கிறது. கதிரவனின் புற ஊதாக் கதிர்வீச்சு குறைந்தால் மேல்வளி குளிர்ந்து சுருங்கும். கனமான ஆக்சிஜன் மேலே அருகும். மாறுநிலை உயரம் தாழும்.

எவ்வளவு தாழும் என்பதில்தான் படிமங்கள் இடறின. 2008ஆம் ஆண்டு ஏப்ரலில் ஏவப்பட்ட சி/நோஃப்ஸ் செயற்கைக்கோள், நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதியில் அயனிகளைத் தடுப்பு மின்னழுத்தத்தால் பிரித்தறிந்தது. வினாடிக்கு 7.5 கி.மீ. வேகத்தில் செல்லும் கலத்தின்மீது மோதும் ஆக்சிஜன் அயனியைத் தடுக்க ஏறத்தாழ 4.7 வோல்ட் வேண்டும். ஹைட்ரஜன் அயனிக்கு 0.3 வோல்ட் போதும். மாறுநிலை உயரம் இரவில் சுமார் 450 கி.மீ. அளவிலும், பகலில் சுமார் 850 கி.மீ. அளவிலுமே இருந்ததை ஹீலிஸ் குழுவினர் 2009இல் வெளியிட்டனர். பன்னாட்டு மேற்கோள் அயனி மண்டலப் படிமம் காட்டிய உயரங்களோ இவற்றினும் மிகுதி.

இதனை அப்படிமத்தின் பிழையென ஒதுக்குதல் முறையன்று. அது அளவீடுகளின் சராசரி. அத்துணை அமைதியான கதிரவனை அவ்வளவீடுகள் அரிதாகவே கண்டிருந்தன. இயற்பியல் சமன்பாடுகளால் அமைந்த படிமங்களும் இச்சிக்கலுக்குப் புறம்பானவை அல்ல. அவற்றுள் பல, புற ஊதாவின் பதிலியாக 10.7 செ.மீ. அலைநீள வானொலிக் கதிர்வீச்சையே உள்ளீடாகக் கொள்கின்றன. கதிரவன் ஓய்ந்திருக்கும் காலத்தும் இவ்விரண்டும் ஒரே அளவில் குறைகின்றனவா என்பதே சமன்பாடுகளைத் திருத்துமுன் சோதிக்கப்பட வேண்டியது.