குளிரில் சோரும் சேமக்கலம்
ஹைபிரிட் காரில் சூடேற்றி பொருத்துதலும் பழுது காணலும்

சேமக்கலத்திற்கு வெயில் பகை என்பது நம் நாட்டில் மோட்டார் வைத்திருப்போர் அனைவரும் அறிந்தது. குளிரும் அதற்குப் பகை என்பதைக் கனடாவின் சமவெளி நகரங்களில் வாழ்வோரைக் கேட்டால் சொல்லுவர். அங்கே கார் நிறுத்துமிடங்களில் வரிசையாக மின் செருகுவாய்கள் இருக்கும். இரவெல்லாம் எஞ்சினைக் கதகதப்பாக வைக்க அவை உதவுகின்றன. பெட்ரோலோடு மின்சாரத்தையும் கொண்டு ஓடும் ஹைபிரிட் கார் வந்த பிறகு, எஞ்சினுக்கு மட்டுமன்றிச் சேமக்கலத்திற்கும் சூடு வேண்டியதாயிற்று. நம் நாட்டிலும் லே போன்ற ஊர்களில் ஜனவரி இரவுகள் பூச்சியத்திற்குக் கீழே பத்துப் பாகைக்கும் தாழ்ந்து செல்வன. ஆகவே இப்பொருளை நாமும் கற்பது நன்று.

குளிர் செய்வது யாது?

சேமக்கலத்தினுள் நிகழ்வது இரசாயன வினை. வெப்பநிலை தாழத் தாழ வினையின் வேகம் குறையும். அயனிகள் மின்பகு திரவத்தினூடே செல்வதும் மெதுவாகும். இவ்விரண்டும் சேர்ந்து கலத்தின் உள்தடையைப் பெருக்குகின்றன. கலத்தில் மின்சாரம் இருந்தும் எடுக்க முடியாத நிலை ஏற்படுகிறது.

1997-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா பிரியஸ் காரில் நிக்கல்-உலோக ஹைட்ரைடு கலங்கள் இருந்தன. இவ்வகைக் கலங்கள் குளிரில் சோம்பும். சூடு பெற்றால் மீளும். லித்தியம் அயனிக் கலங்களின் நிலை வேறு. பூச்சியம் பாகைக்குக் கீழே விரைந்து மின்னேற்றினால், லித்தியம் கிராஃபைட்டினுள் புகாமல் அதன் மேல் உலோகமாகப் படியும். அந்த இழப்பில் பெரும்பகுதி மீளாது. படிவு வளர்ந்தால் உள்ளே குறுக்குச்சுற்றும் நேரலாம். ‘முதலில் சூடு, பின்பு மின்னேற்றம்’ என்னும் விதி இதனால் பிறந்ததே. 2010 டிசம்பரில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஷெவ்ரலே வோல்ட் காரில், கலங்களைச் சூழ ஓடும் திரவத்தையே சூடாக்கும் ஏற்பாடு தொழிற்சாலையிலேயே அமைந்திருந்தது. அத்தகைய ஏற்பாடு இல்லாத கார்களுக்கே வெளியிலிருந்து பொருத்தும் சூடேற்றி தேவைப்படுகிறது.

எவ்வளவு சூடு வேண்டும்?

சிலிக்கோன் ரப்பரினுள் மின்தடைக் கம்பி பதித்த தட்டையான பட்டையே சூடேற்றி. 40 கிலோகிராம் எடையுள்ள ஒரு கல அடுக்கை –15 பாகையிலிருந்து 5 பாகைக்குக் கொண்டுவர வேண்டும் என்று கொள்வோம். ஒரு கிலோகிராமை ஒரு பாகை உயர்த்தச் சுமார் ஒரு கிலோஜூல் என்றால், 40 × 20 = 800 கிலோஜூல் வேண்டும். 100 வாட் பட்டை இதைத் தர 8,000 விநாடி, அதாவது இரண்டே கால் மணி நேரம் ஆகும். வெளியே கசியும் வெப்பத்தையும் கணக்கில் கொண்டால் நான்கு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

400 வாட் பட்டையை வைத்து விரைவில் முடித்தால் என்ன என்று தோன்றும். கலங்கள் தொடராக இணைந்தவை. அடியில் உள்ளவை சூடாகி மேலுள்ளவை குளிர்ந்திருந்தால், அடுக்கின் வலிமை மிகக் குளிர்ந்த கலத்தின் வலிமையே ஆகும். மெல்லிய சூடு, நீண்ட நேரம்: இதுவே முறை.

பொருத்தும் முறை

தொடங்குமுன் ஓர் எச்சரிக்கை. இரண்டாம் தலைமுறைப் பிரியஸ் காரின் அடுக்கில் 168 கலங்கள் உள்ளன; மொத்த அழுத்தம் 201.6 வோல்ட். இஃது உயிரைக் கொல்லும் நேர்மின்னழுத்தம். உயரழுத்தக் கம்பிகள் செம்மஞ்சள் நிறத்தில் இருக்கும். காரை அணைத்து, 12 வோல்ட் கலத்தின் இணைப்பை நீக்கி, ரப்பர்க் கையுறையுடன் பராமரிப்புச் செருகியைப் பிடுங்கிய பின், மின்தேக்கிகள் வடியக் கையேடு கூறும் நேரம் காத்திருக்க வேண்டும். செருகியைப் பிடுங்கினாலும் கலங்களில் மின்சாரம் அப்படியே இருக்கும். ஆகையால் பெட்டியைத் திறக்கும் வேலை பயிற்சி பெற்றவருக்கே உரியது.

பட்டையைக் கலங்களின் மேல் ஒட்டலாகாது. உலோகப் பெட்டியின் அடிப்புறத்தில், எண்ணெய்ப் பசை நீக்கி, காற்றுக் குமிழி இல்லாமல் அழுத்தி ஒட்ட வேண்டும். பின்னிருக்கை அருகிலிருந்து காற்றை இழுத்துக் கலங்களைக் குளிர்விக்கும் வழியை மறைக்கலாகாது. குளிர்காலத்திற்கு உதவி கோடையில் அடுக்கைக் கெடுத்தவராவோம். வெப்பநிலை உணர்விகளின் அருகிலும் பட்டை வரலாகாது. உணர்வி மட்டும் சூடானால் காரின் கணிப்பொறி ஏமாந்துபோகும். பட்டையுடன் வெப்பநிலைத் தடுப்பானும், மிகைச் சூட்டில் அறுபடும் வெப்ப உருகியும் இருக்க வேண்டும். மின்கம்பி காரின் உடலைத் துளைத்துவரும் இடத்தில் ரப்பர் வளையம் இடுக. நில இணைப்பும், 30 மில்லி ஆம்பியர்க் கசிவில் துண்டிக்கும் காப்புச் சாதனமும் இன்றியமையாதவை.

கனடாவில் வாங்கிய பட்டை 120 வோல்ட்டுக்கானது. அதை நம் 230 வோல்ட்டில் இணைத்தால் 100 வாட் பட்டை ஏறத்தாழ 367 வாட் ஈர்த்துக் கருகும். முத்திரையைப் படித்த பின்பே செருகுக.

பழுது காணல்

முதலாவது, பட்டை சூடாகவில்லை. செருகுவாயையும் உருகியையும் பார்த்த பின், மின்சாரத்தைத் துண்டித்து மின்தடையை அளக்க. 230 வோல்ட், 100 வாட் பட்டைக்கு 230 × 230 ÷ 100 = 529 ஓம் வர வேண்டும். முடிவிலி காட்டினால் உடனே பட்டையைக் கழற்றி எறிய வேண்டாம். 5 பாகைக்குக் கீழே மட்டும் சுற்றை மூடும் தடுப்பான், கதகதப்பான அறையில் திறந்திருப்பதே இயல்பு. பாலித்தீன் பையில் இட்ட பனிக்கட்டியும் உப்பும் கொண்டு தடுப்பானை நன்கு குளிர்வித்து மீண்டும் அளக்க. அப்போது 529 ஓம் வந்தால் பழுதே இல்லை. அப்போதும் முடிவிலி என்றால் வெப்ப உருகியோ கம்பியோ தடுப்பானோ அறுந்தது.

இரண்டாவது, உருகி அறுந்தது. புதியதை மாற்றுமுன் காரணத்தைத் தேடுக. பெரும்பாலும் பட்டை ஒரு மூலையில் கழன்று, காற்று இடைவெளியில் தன் சூட்டைத் தானே தாங்கி நின்றிருக்கும்.

மூன்றாவது, காப்புச் சாதனம் துண்டிக்கிறது. ஈரமோ தேய்ந்த உறையோ காரணம். பட்டையைத் தனியே பிரித்து 500 வோல்ட் மெக்கரால் காப்பை அளக்க. ஒரு மெகாஓமுக்குக் குறையலாகாது. மெக்கரைக் காரின் சுற்றுக்களில் வைக்கவே கூடாது.

நான்காவது, பட்டை சூடாகிறது. ஆயினும் கார் சோர்ந்தே ஓடுகிறது. பெட்டியின் மேலும் கீழும் ஒவ்வொரு வெப்பமானி வைத்து ஒப்பிடுக. வேற்றுமை பெரிதாயின் நேரம் போதவில்லை, அல்லது மேற்புறம் போர்வையின்றி வெப்பம் கசிகிறது. இரண்டும் சமமாய்ச் சூடாயிருந்தால், சூடேற்றியின் மேல் குற்றமில்லை. கலங்களையே சோதிக்க வேண்டும்.

மலைப்பாதைகளில் உறைந்த டீசலை இளக்கத் தொட்டியின் அடியில் நெருப்பு மூட்டும் ஓட்டுநர்கள் உண்டு. சேமக்கலத்திடம் அந்த அவசரம் செல்லாது. ஓமின் விதியும் வெப்பக் கணக்கும் தேர்வுத்தாளோடு முடிவன அல்ல. பனி மூடிய சாலையில் ஒரு குடும்பத்தை வீடு சேர்ப்பவையும் அவையே. அளந்து பார்த்துப் பிறகு கழற்றும் பழக்கத்தை மாணவ நண்பர்கள் இன்றே கைக்கொள்வார்களாக!