தண்டமும் தம்மமும்

கோபத்தால் அடிப்பவன், கோபம் தணிந்தபின் வெட்கமடையக்கூடும். மதநூல் விதித்தது என்று அடிப்பவனுக்கோ வெட்கமில்லை. தான் புண்ணியம் செய்ததாகவே அவன் எண்ணுகிறான். மதத்தின் பெயரால் விழும் அடி மற்றெல்லா அடியினும் கொடியதாவது இதனாலேயே.

மனுஸ்மிருதியின் எட்டாம் அத்தியாயத்தை நோக்குவோம். உயர்ந்தவனோடு சரியாசனத்தில் அமர முற்படும் தாழ்ந்த பிறப்பினனுக்கு இடுப்பில் சூடிட்டு நாடு கடத்துதல் அங்கே விதிக்கப்பட்டுள்ளது. அதே அத்தியாயம் மனைவி, மகன், அடிமை, ஏவலாள், உடன்பிறந்தான் ஆகியோர் தவறிழைத்தால் கயிற்றாலோ மூங்கிற் பிளாச்சாலோ முதுகில் அடிக்கலாம் என்றும் கூறுகிறது. வீதியில் விழும் அடிக்கும் வீட்டில் விழும் அடிக்கும் ஒரே நூல் ஆதாரமாய் நின்றது.

இந்நூலுக்கு மக்கள் அளித்த விடையை மகாட் நகரம் கண்டது. 1927 மார்ச் 20ஆம் நாள், பாபாசாகேப் டாக்டர் அம்பேத்கர் தலைமையில் தீண்டப்படாதோர் எனப்பட்ட மக்கள் சவுதார் குளத்தில் நீர் அருந்தினர். நகரசபை முன்னரே எல்லோருக்கும் திறந்துவிட்ட குளம் அது. எனினும், அவர்கள் கோயிலுக்குள்ளும் நுழையப் போகிறார்கள் என்ற வதந்தி பரவியது. தடிகளுடன் வந்த கூட்டம் அவர்களைத் தாக்கியது. பின்னர்க் குளத்திற்குச் சுத்திச் சடங்கும் நடந்தது. அடித்தவர்கள் மதத்தைக் காத்ததாகவே நினைத்தனர். அடிபட்டவர்களோ தலைவரின் சொல்லுக்கு இணங்கிப் பதிலுக்குத் தடி எடுக்கவில்லை. அவர்கள் தடியைப் பற்றிய கையை விட்டு, அக்கைக்கு உரிமை வழங்கிய நூலை நாடினர். அவ்வாண்டு டிசம்பர் 25ஆம் நாள் அதே மகாடில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. அத்தீர்மானத்தை முன்மொழிந்தவர் பிராமணராய்ப் பிறந்த சகஸ்ரபுத்தே என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. பழைய நூலை எரிப்பானேன் என்று சிலர் குறைகூறினர். வழக்கொழிந்த நூலாயின் அது எரிவதால் எவருக்கு என்ன நட்டம்?

இப்பொழுது நம் வீட்டிற்குள் திரும்புவோம். திரிசரணமும் பஞ்சசீலமும் சொல்லுகையில் நாத்தடுமாறிய சிறுவனின் கை முட்டியில் அளவுகோல் விழுவதை நாம் கண்டதில்லையா? கொல்லாமையைச் சொல்லும் முதற் சீலத்தையே அக்குழந்தை அழுதுகொண்டு சொல்லவில்லையா? 'அடியாத மாடு படியாது' என்று நாம் சமாதானம் கூறிக்கொள்கிறோம். அது மாட்டைப் பற்றிய பழமொழி. நம் முன்னோரையும் மாடென்று கருதியே ஒரு சமுதாயம் அடித்தது என்பதை மறக்கலாமா?

பகவான் புத்தர் காட்டிய வழி வேறு. தம்மபதத்தில் தண்டத்தைப் பற்றியே ஒரு வர்க்கம் உண்டு. விநயத்திலும் ஒரு விதி உண்டு. அறுவர் கூட்டம் எனப்பட்ட பிக்குகள், பதினேழுவர் கூட்டத்து இளம் பிக்குகளைக் கோபத்தால் அடித்தனர்; இளையோர் அழுதனர். அவ்வழுகையின் காரணமாகவே, கோபங்கொண்டு மற்றொரு பிக்குவை அடிப்பது குற்றம் என்று வகுக்கப்பட்டது. சங்கத்தின் ஒழுக்கம் அடித்தவனையே குற்றவாளியாக்கியது.

ராகுலருக்குப் பொய்யின் தீமையை உணர்த்திய முறையையும் காண்க. கால் கழுவிய பாத்திரத்தில் சிறிது நீரை எஞ்சவைத்தார் பகவான். அதைக் காட்டினார், பின் கொட்டினார், பாத்திரத்தைக் கவிழ்த்தார், வெறுமையைக் காட்டினார். வெட்கமின்றிப் பொய் சொல்பவனின் துறவும் இத்தகையதே என்றார். செய்யுமுன்னும், செய்யும்போதும், செய்தபின்னும், இச்செயல் தனக்கோ பிறர்க்கோ தீங்காகுமா என்று எண்ணிப்பார்க்கக் கற்பித்தார். பெற்ற மகனைத் திருத்த அவருக்கு ஒரு பாத்திர நீர் போதுமானதாயிருந்தது.

பள்ளிகளில் உடல் தண்டனையை 2009ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டம் தடைசெய்துள்ளது. ஆனால் சட்டம் நம் வீட்டு வாசலில் காவல் நிற்பதில்லை. அங்கே தம்மமே காவல். மனுவின் நூலை மறுத்த நாம், அவர் நீட்டிய மூங்கிற் பிளாச்சை மட்டும் கையில் வைத்துக்கொண்டிருப்பது தகுமா?

சிந்தனைக்கு: (1) மகாடில் அடிபட்டோர் திருப்பி அடியாதது அச்சமா, வலிமையா? (2) ராகுலருக்குக் கற்பித்தது போல் நம் குழந்தைக்கு ஒரு சீலத்தை எவ்வாறு கற்பிப்போம்? அடுத்த உபோசத நாளில் குடும்பத்தோடு அமர்ந்து இவற்றை ஆராய்வோமாக. குழந்தைகளையும் பேசவிடுவோமாக.