நகுலபிதாவின் கவலை: முதுமையில் எழும் மனக்கலக்கம் பற்றிய பாடம்

பக்கர் நாட்டில் சும்சுமாரகிரி என்னுமிடத்தில் வாழ்ந்த நகுலபிதா, நகுலமாதா என்னும் முதிய இல்லறத்தார் இருவரையும் தம்ம நூல் பயில்வோர் நன்கறிவர். இவர்களைப் பற்றிய சூத்திரங்களுள் இரண்டு இப்பாடத்திற்கு உரியவை. ஒன்று சம்யுத்த நிகாயத்தில் கந்த வர்க்கத்தின் முதலில் நிற்பது, பலரும் பயில்வது. மற்றொன்று அங்குத்தர நிகாயத்தில் ஆறின் தொகுதியில் உள்ளது, பயில்வார் அரியர். இரண்டையும் ஒருசேரப் பயின்றாலன்றி, முதியோரின் உள்ளத்துத் துயர்க்குப் பௌத்த நெறி காட்டும் வழி முழுமையாக விளங்காது என்பது நம் துணிபு.

முதற் சூத்திரத்தில் நகுலபிதா பகவரை அணுகி, தாம் மூத்து இறுதிப் பருவத்தை எய்தியதையும், உடல் ஓயாது நோயுறுவதையும், பகவரையும் பிக்குகளையும் அடிக்கடி காண இயலாமையையும் கூறி வருந்துகிறார். பகவர் அதனை மறுத்தாரல்லர். உடல் நோயுற்றதே என ஒப்புக்கொண்டு, உடல் நோயுறினும் உள்ளம் நோயுறாதிருக்கப் பயிலுமாறு அருளினார். அதன் விரிவைச் சாரிபுத்தர் பின்னர் உரைத்தார்: ஐங்கந்தங்களை யான் என்றும் எனது என்றும் பற்றியவர்க்கு அவை மாறுந்தோறும் துயர் எழும், பற்றாதவர்க்கு எழாது.

இவ்வொரு சூத்திரத்தை மட்டும் கற்று நிற்போர், கலங்கிய முதியவரைக் கண்டவிடத்து, “உமக்குத் தியானம் போதாது, பற்றை விடும்” என்று கூறிவிட்டு எழுந்து போவதுண்டு. நோயாளியைக் குற்றவாளியாக்கும் இம்முறை கொடிது. பகவர் பயிலுக என்றாரேயன்றிப் பயிலாமை உன் பிழை என்று நகுலபிதாவை இடித்துரைத்தாரில்லை. அம்முதியவர் முகந்தெளிந்து சென்றதனாலன்றோ சாரிபுத்தர் அவரை நிறுத்தி வினவினார்!

இனி, மருத்துவ நூலோர் அறிந்ததைக் காண்போம். இளையோர் தம் கவலையைக் கவலையென்றே சொல்வர். முதியோர் பலர் அங்ஙனம் சொல்வதில்லை. நெஞ்சு படபடக்கிறது, தலை சுற்றுகிறது, வயிறு சரியில்லை, இரவில் உறக்கமில்லை என்பர். மற்றொரு புறம், தைராய்டு சுரப்பி மிகுந்தாலும், இதயத் துடிப்பு ஒழுங்கு தவறினாலும், மூச்சிரைப்புக்கு உள்ளிழுக்கும் சில மருந்துகளாலும் இதே படபடப்பு உண்டாகும். எது உடல்நோய், எது உளநோய் எனப் பிரித்தறிதல் அரிது. இதுபற்றியே, 2007-இல் ஆஸ்திரேலிய அறிஞர்கள் முதியோர்க்கென வகுத்த பதற்ற அளவீட்டில் உடற்குறிகளைக் குறைத்து, கவலை எண்ணங்களை மிகுத்து, 20 எளிய கூற்றுகளை வைத்தனர். உடன்படுகிறேன், உடன்படவில்லை என்னும் இரண்டே விடை.

நம் நாட்டுக் கணக்கு ஒன்றும் உண்டு. மும்பையிலுள்ள பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் பிற நிறுவனங்களோடு கூடி நடத்தும் முதுமை பற்றிய நெடுங்கால ஆய்வின் முதற் சுற்று 2017-18-இல் நிகழ்ந்தது. 72,000 பேருக்கு மேல் வினவப்பட்டனர். அவருள் 60 வயது நிறைந்தோரில் மனச்சோர்வு நோய் இருக்கக்கூடியவர் நூற்றுக்கு 8.3 எனக் கண்டனர். ஆனால் அந்நோய் தமக்குண்டெனக் கண்டறியப்பட்டதாகக் கூறியவரோ நூற்றுக்கு 0.8 மட்டுமே. இது மனச்சோர்வின் கணக்கேயன்றிப் பதற்றத்தின் கணக்கன்று. எனினும் முதுமையில் இவ்விரண்டும் பலகாலும் உடனுறைவன. பத்தில் ஒன்பது பங்குத் துயர் பெயரிடப்படாமலே வீட்டு மூலையில் கிடக்கிறது என்பதே இவ்வெண்களின் பொருள்.

இந்நிலையில்தான் அங்குத்தர நிகாயச் சூத்திரம் நமக்குப் பெருந்துணையாகிறது. நகுலபிதா கடும் நோயில் வீழ்ந்து கிடக்கிறார். மனைவியார் அவர் அருகிலிருந்து, மனத்தில் அபேட்சையோடு இறக்கவேண்டா என்கிறார். பாலியிலுள்ள அபேக்கா என்னும் சொல்லே வடமொழியில் அபேட்சை என நின்று தமிழிலும் வழங்குவது. பின்னிருப்பவற்றின்மேல் இழுபடும் உள்ளம் என்பது ஈண்டுக் கருத்து. அவ்வம்மையார் “கவலற்க” என்று மட்டும் கூறி அமைந்தாரில்லை. கணவரின் உள்ளத்தில் இருக்கக்கூடிய கவலைகளை ஒவ்வொன்றாகத் தாமே எடுத்துரைத்து, ஒவ்வொன்றிற்கும் தனித்தனியே விடை தருகிறார்.

மக்களைக் காத்து இல்லத்தை நடத்த இவளால் இயலாதோ என எண்ணுகிறீரோ? பருத்தி நூற்கவும் கம்பளி மயிர் சிக்கெடுக்கவும் தமக்குத் தெரியும் என்கிறார். வேறொருவர் இல்லம் புகுவாளோ என ஐயுறுகிறீரோ? 16 ஆண்டுகளாக இருவரும் இல்லத்திலிருந்தே பிரமசரியம் காத்ததை நினைவூட்டுகிறார். பகவரையும் சங்கத்தையும் காண விரும்பாது போவாளோ? முன்னினும் மிகுதியாக விரும்புவேன் என்கிறார். சீலத்தில் குறைவாளோ, மன அமைதி பெற்றிலளோ, தம்மத்தில் நிலைபேறு எய்திலளோ என்னும் எஞ்சிய மூன்றிற்கும், ஐயமுடையார் அருகில் தங்கியிருக்கும் பகவரையே சென்று கேட்கலாம் என்று சான்று காட்டுகிறார். நோய் அப்போதே தணிந்ததாகவும், நகுலபிதா பின்னர்க் கோலூன்றிப் பகவரிடம் சென்றதாகவும், இத்தகைய அம்மையாரைத் துணையாகப் பெற்றது பெரும்பேறு எனப் பகவர் கூறியதாகவும் சூத்திரம் முடிகிறது. நோய் தணிந்த வகையை மருத்துவச் சான்றாக நாம் கொள்ளவேண்டுவதில்லை. கவலையை அணுகிய முறையே நமக்குப் பாடம்.

இம்முறையை ஒத்ததொன்று நம் காலத்தில் கோவாவில் ஆராயப்பட்டது. நோய் முற்றாது, மனச்சோர்வும் பதற்றமும் சிறிதளவு தோன்றிய, 60 வயதிற்கு மேற்பட்ட 181 பேரை ஆய்வாளர் தேர்ந்தனர். ஒரு பகுதியினரிடம் மனநல மருத்துவரல்லாத, பயிற்சி பெற்ற பொதுமக்களே ஆலோசகராகச் சென்றனர். இன்று உமக்குள்ள இடர் யாது எனக் கேட்டு, ஒவ்வொன்றாக எடுத்து, செய்யத்தக்க வழியை முதியவரோடு கூடி ஆராய்ந்தனர். உறக்கத்தைச் சீர்செய்யும் பழக்கங்களையும், நீரிழிவு முதலிய நோய்களில் தம்மைப் பேணும் வகையையும் கற்பித்தனர். அரசு உதவிகளைப் பெறவும் துணைநின்றனர். மற்றப் பகுதியினர்க்கு வழக்கமான கவனிப்பு மட்டுமே. ஓராண்டில் இவ்வுதவி பெற்ற 91 பேரில் 4 பேர்க்கும், பெறாத 90 பேரில் 13 பேர்க்கும் மனச்சோர்வு நோய் முற்றியது. இம்முடிவு 2019-இல் வெளியாயிற்று. ஒரே ஆய்வு, சிறு தொகை. ஆயினும் படிப்பாளி மருத்துவர் இல்லாத ஊரிலும் செய்யத்தக்கது இது என்பதால் நம் கவனத்திற்குரியது.

தியானம் பயனற்றதோ எனின், அன்று. அமெரிக்காவில் பதற்றமோ சோர்வோ உடைய, 65 வயதிற்கு மேற்பட்ட 103 பேரிடம் செய்து 2017-இல் வெளியான ஆய்வில், மனவிழிப்புப் பயிற்சி பெற்றோரின் கவலை, உடல்நலக் கல்வி மட்டும் பெற்றோரினும் மிகுதியாகக் குறைந்தது. நினைவாற்றலும் சிறிது ஓங்கியதாகக் கண்டனர். ஆனால் 585 முதியோரைக் கொண்டு செய்து 2022-இல் வெளியான பெரிய ஆய்வில் அப்பயிற்சியால் நினைவாற்றல் மேம்படவில்லை. மறதி நீங்கும் என்று ஆசைகாட்டித் தியானம் கற்பிப்போர் இதனைக் கருதுக. சதிப் பயிற்சி கவலையின் பிடியைத் தளர்த்தலாம். மருந்துச் சீட்டுக்குப் பணமில்லை என்னும் கவலைக்கு அது விடையாகாது.

தம்மம் ஏற்ற நம் குடும்பங்களின் முதியோர்க்குப் பிறர்க்கில்லாத கவலை ஒன்றும் உண்டு. தம் இறுதிச் சடங்கில் பஞ்சசீலம் ஓதப்படுமோ, உறவினர் வந்து பழைய சடங்குகளைப் புகுத்துவரோ, பேரர் தம்மத்தில் நிற்பரோ என்பதே அது. நகுலபிதாவின் மூன்றாம் கவலையே இது. இதனைக் கேட்டுச் சிரித்தலும், வேறு பேச்சு எடுத்தலும் தகா. முதியவரின் விருப்பத்தை எழுதி, மகனோ மகளோ அறியச் சாட்சிக் கையொப்பமிட்டுச் சங்கத்தில் வைப்பது அரைநாள் வேலை. உறுதி கூறும்போது இயலாததைக் கூறலாகாது. நகுலமாதா தம்மிடம் உண்மையில் உள்ளதையே கூறினார்.

மருந்து பற்றியும் ஒன்று கூறவேண்டும். அல்பிரசோலாம், டயசிபாம் போன்ற மாத்திரைகள் பதற்றத்தை விரைவில் தணிப்பினும், முதியோரைத் தள்ளாடி விழச்செய்யும், அறிவையும் மயக்கும். கடைக்காரர் தந்தாரென்று உண்ணலாகாது. நெடுநாள் உண்டவர் திடீரென நிறுத்துதலும் தீங்கு. மருத்துவர் வழியே சிறிது சிறிதாகக் குறைத்தல் வேண்டும். வாழ்வை வெறுத்து இறப்பை நாடிப் பேசும் முதியவரை அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்க.

முதியோர்க்கான தேசிய உதவி எண் 14567. மனநல ஆலோசனைக்கு 2022 அக்டோபரில் தொடங்கப்பெற்ற டெலி மானஸ் பணியின் எண் 14416, தமிழிலும் பேசலாம். தொலைபேசி இயக்கத் தெரியாத பெரியவர்க்கு இளையவர் ஒருவர் அழைத்துக் கொடுத்துவிட்டு, அவர் பேசி முடிக்கும் வரை வெளித்திண்ணையில் அமர்ந்திருத்தல் நன்று. வீட்டார் முன்னிலையில் அவர் சொல்லமாட்டாதவை பல.