கோடு எதோடு நகர்கிறது?

அன்புள்ள தம்பிக்கு,

களம்பூர்த் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை லேசர் ஸ்கேனிங் நுண்ணோக்கியில் உட்கார்ந்திருப்பது எனக்குப் பெருமைதான். நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். பட்டிழையின் ஓரம் பல்பல்லாக இருக்கிறது, படம் முழுக்கக் குறுக்கே கோடுகள் ஓடுகின்றன. மென்பொருளில் அவற்றை அழித்து ஆய்வாளரிடம் கொடுத்துவிட்டதாக எழுதியிருக்கிறாய். அதைச் செய்திருக்கக் கூடாது.

சேலையில் நீளவாக்கில் கோடு விழுந்தால் அப்பா பாவைப் பார்ப்பார், குறுக்கே விழுந்தால் ஊடையைப் பார்ப்பார். இங்கும் குறை எந்தத் திசையில் ஓடுகிறது, எதோடு சேர்ந்து நகர்கிறது என்பதுதான் முதல் கேள்வி. ஸ்கேன் கோணத்தை 90 டிகிரி திருப்பு. இழை திரும்பியும் கோடு திரையில் படுக்கையாகவே நின்றால் குற்றம் கருவியில். இழையோடு திரும்பினால் மாதிரியில். மேடையை நகர்த்தியும் ஒரு கறை இடம் மாறவில்லையா? ஒளி வரும் பாதையில் எங்கோ தூசி.

அடுத்து லேசரை முழுக்க அணைத்துவிட்டு ஒரு படம் எடு. கோடு அப்போதும் இருந்தால் உணர்கருவிப் பக்கம் தேடு. எத்தனை வரிக்கு ஒருமுறை வருகிறது என்று எண்ணிப் பார். நொடிக்கு 400 வரி ஓடும் ஸ்கேனில் 8 வரிக்கு ஒரு கோடு என்றால் அது 50 ஹெர்ட்ஸ், நம் மின்சாரம். 4 வரிக்கு ஒன்று என்றால் 100 ஹெர்ட்ஸ். அறையின் டியூப்லைட் கசிகிறதா பார். சோக் போட்ட டியூப்லைட் நொடிக்கு நூறு முறை மினுங்கும். வேகத்தை 200 ஆக்கினால் இந்த இடைவெளிகள் பாதியாக வேண்டும். ஆகிறதா என்று பார்த்த பிறகே சர்வீஸ்காரருக்குப் போன் போடு.

பல்பல்லான ஓரம் சின்ன விஷயம். லேசர் போகும்போதும் வரும்போதும் படமெடுக்கும் முறையில் இரண்டு வரிகளும் ஒத்துவரவில்லை. ஒருவழி ஸ்கேனுக்கு மாற்று. சரியாகிவிட்டால் ஃபேஸ் திருத்தத்தை நகர்த்தினால் போதும்.

ஏமாற்றும் குறை வேறு. கோடாவது குறை என்று தெரியும். அழகான நீல ஒளியை யார் சந்தேகிப்பார்கள்? 405 நானோமீட்டர் லேசரில் பட்டு தானாகவே நீலமாக ஒளிரும், சாயமே தேவையில்லை. திருவானைக்காவலில் பிறந்த சி.வி.ராமன் 1928இல் கண்ட சிதறலும் இங்கே வந்து நிற்கும்: அதே லேசர் தண்ணீரில் பட்டால் ஏறத்தாழ 470இல் மெல்லிய ஒளி, 488 லேசர் என்றால் 585 பக்கம். முதலாவது டாப்பி சாயத்தின் இடம், இரண்டாவது செஞ்சாயங்களின் வாசல். ஆகவே சாயமேற்றாத இழை ஒன்றையும், வெறும் நீர் ஒரு சொட்டையும் அதே அமைப்பில் படமெடுத்து வைக்காமல் எந்த நிறத்தையும் நம்பாதே. நேரமில்லை என்று ஆய்வாளர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. லேசர் அளவு, ஸ்கேன் வேகம், ஃபில்டர் எல்லாவற்றையும் நோட்டில் எழுது. திருத்தாத மூலக் கோப்பை அழிக்காதே. கோடு அழித்த அந்தப் படத்தை வாங்கிப் போனவரிடம் நடந்ததை இன்றே சொல்லிவிடு, கட்டுரை அச்சுக்குப் போவதற்குள்.

அன்புடன்,
உன் அண்ணன்